எடை ஒன்று, வேகம் வேறு

ஒரு ரைஃபிளை அசையாதபடி இரும்புப் பிடியில் இறுக்கி வைத்து, ஒரே பெட்டியிலிருந்து எடுத்த பத்துத் தோட்டாக்களைச் சுட்டாலும் பத்துக் குண்டுகளும் ஒரே துளையில் போவதில்லை. சுடுபவரின் கை நடுக்கம் இங்கே கணக்கில் வராது. காற்று அடங்கிய நாளாகவும் இருக்கட்டும். அப்போதும் இலக்கு அட்டையில் துளைகள் சிதறியே கிடக்கும். தொலைவு கூடக்கூட அவை மேலும் கீழுமாக நீண்டுகொண்டே போகும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் போட்டிக்குச் சுடுவோரில் பலர் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே கையால் நிரப்புகிறார்கள். ஒவ்வொரு தோட்டாவின் மருந்தையும் தராசில் நிறுத்துத்தான் போடுகிறார்கள். எடை ஒன்றாக இருக்கும்போது வேகம் ஏன் ஒன்றாக இருப்பதில்லை?

தோட்டா என்பது நான்கு பொருள்களின் சேர்க்கை. பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பொறி பறக்கும் கேப்பு, கூட்டுக்குள் மருந்து, வாயில் செருகிய குண்டு. இந்த மருந்தைப் பாறை உடைக்கும் வெடிமருந்தோடு சேர்த்து எண்ணக்கூடாது. பாறையை உடைப்பது ஒரேயடியாக வெடித்துச் சிதறும். துப்பாக்கி மருந்தோ எரிந்து வாயுவாகி குண்டைத் தள்ளும். அதனால் இதை உந்துமருந்து என்பது பொருந்தும். எரிவது முழுவதும் விநாடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்குக்குள் நடந்து முடிகிறது. அதற்குள் குழலுக்குள் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப்போல் மூவாயிரம், நாலாயிரம் மடங்காக ஏறி இறங்கிவிடும்.

துளைகள் மேலும் கீழுமாக நீள்வதற்குக் காரணம், குண்டு பறக்கும்போதே கீழே விழுந்துகொண்டிருப்பதுதான். மெதுவாகப் போகும் குண்டு வழியில் அதிக நேரம் இருக்கிறது. அதனால் அதிகம் இறங்குகிறது. விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டில் ஒரு சதவீத வேகம் குறைந்தால், 100 மீட்டரில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே வித்தியாசம். கண்ணுக்கே தெரியாது. 900 மீட்டரில் காற்றின் தடையும் சேர்ந்துகொள்ள, அதே ஒரு சதவீதம் கால் மீட்டரைத் தொடும். பக்கவாட்டுச் சிதறலைப் பெரும்பாலும் காற்றின் கணக்கில் வைக்கலாம். மேல்கீழ்ச் சிதறலோ மருந்தின் சீர்மையைக் காட்டிக்கொடுத்துவிடும். குறுந்தொலைவில் நன்றாகச் சுடும் தோட்டா நெடுந்தொலைவில் ஏமாற்றுவதற்கு இதுவே முதல் காரணம்.

கண் இமைப்பதற்குள் மறையும் குண்டின் வேகத்தை முதலில் நம்பும்படி அளந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலக் கணிதவியலாளர். கனமான மரப்பலகையை ஊசலாகத் தொங்கவிட்டார். குண்டு அதில் புதைந்ததும் பலகை பின்னால் ஆடும். பலகையோடு கட்டியிருந்த நாடா எவ்வளவு இழுபட்டது என்று பார்த்து ஆட்டத்தின் வீச்சை அறிந்தார். குண்டின் எடையும் பலகையின் எடையும் தெரிந்தால், பலகை பெற்ற மெல்லிய வேகத்திலிருந்து குண்டின் பெரிய வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். இந்த முறையை விளக்கும் நூலை 1742ல் வெளியிட்டார். மூன்றே ஆண்டுகளில் ஆய்லர் அதை ஜெர்மனில் பெயர்த்து விரிவான உரையும் எழுதினார்.

ராபின்ஸுக்கும் கடலூர் மாவட்டத்துக்கும் நேரான தொடர்பு உண்டு. 1749ல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தன் கோட்டைகளுக்கான தலைமைப் பொறியாளராக அமர்த்தியது. 1750ல் கடலூரை ஒட்டிய புனித டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்த அவர், மறு ஆண்டு ஜூலையில் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். அதே மாவட்டத்து நிலக்கரி நகரான நெய்வேலியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில், தேவனாம்பட்டினத்தில், அந்தக் கோட்டையின் எச்சங்கள் இன்றும் இருக்கின்றன. மருந்தின் சீர்மையைப் பற்றி அளந்து பேசிய முதல் மனிதர்களில் ஒருவரின் வாழ்வு முடிந்த இடம் அது. மாவட்டத்துப் பாடநூல்களில் அவருக்கு ஒரு பத்தியாவது தரப்பட வேண்டும்.

அவருடைய ஊசல் சொன்ன செய்திகளில் ஒன்று ஈரத்தைப் பற்றியது. வறண்ட காலத்தில் குண்டுக்கு விநாடிக்கு 1,700 அடி வேகம் தரும் மருந்து, அதே அளவு போட்டும், ஈரக் காற்றுள்ள நாளில் 1,200 அல்லது 1,300 அடிக்கு மேல் தராது என்று அவர் பதிவு செய்தார். அன்றைய மருந்து வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த கருமருந்து. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய ஈரத்தையும் தராசு மருந்தென்றே எண்ணிக்கொள்கிறது. எடையும் ஆற்றலும் ஒன்றல்ல என்பதற்குத் தெளிவான சான்று இது.

இனி எரிதலுக்கு வரலாம். நெய்வேலியில் இதை விளக்க வேறு உவமை தேடவேண்டியதில்லை. சுரங்கத்திலிருந்து வரும் பழுப்பு நிலக்கரிக் கட்டி குவியலில் கிடந்து நாள்கணக்கில் புகையும். அதையே ஆலையில் பொடியாக அரைத்துக் கொதிகலனுக்குள் ஊதினால் ஓரிரு விநாடியில் எரிந்து தீரும். பொருள் அதேதான், எடையும் அதேதான். தீ தொடும் பரப்புதான் மாறியது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கட்டிக்கு வெளிப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதைப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள துகள்களாக உடைத்தால் பத்து லட்சம் துகள்கள் கிடைக்கும். மொத்தப் பரப்பு 600 சதுர சென்டிமீட்டராகிவிடும். நெய்வேலி நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ பாதி ஈரம் என்பதால், அரைக்கும்போதே சூடான புகைவாயுவால் அதை உலர்த்தவும் வேண்டியிருக்கிறது. பரப்பு, ஈரம் ஆகிய இரண்டையும் கட்டுக்குள் வைக்காமல் கொதிகலனில் சீரான தீ கிடைக்காது. தோட்டாவிலும் அதே இரண்டுதான் ஆட்சி செய்கின்றன. வேறுபாடு ஒன்று உண்டு. நிலக்கரி வெளிக்காற்றை நம்பி எரிகிறது. உந்துமருந்தோ தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன் மூலக்கூறுக்குள்ளேயே வைத்திருக்கிறது. மூடிய கூட்டுக்குள்ளும் அது எரிவது அதனால்தான்.

உந்துமருந்தின் மணி மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி, அடுக்கடுக்காக எரிகிறது. இது ஊகம் அல்ல. குழல் வாயிலிருந்து பாதி எரிந்து அணைந்து தெறித்த மணிகளைப் பொறுக்கிப் பார்த்தவர்கள், அவை பழைய வடிவத்தோடு, எல்லாப் பக்கமும் சமமாக மெலிந்திருப்பதைக் கண்டார்கள். அப்படியானால் ஒரு மணி எவ்வளவு நேரம் எரியும் என்பதை அதன் எடை தீர்மானிப்பதில்லை. மிக மெல்லிய இடத்தின் தடிமன்தான் தீர்மானிக்கிறது. அந்தத் தடிமனைச் சுவர்த்தடிமன் எனலாம்.

வடிவமும் முக்கியம். கம்பி போன்ற உருளை எரிய எரியச் சிறுக்கும். பரப்பு குறைந்துகொண்டே போகும். நடுவில் துளையுள்ள குழாய் வெளியே சிறுத்து உள்ளே அகலும். பரப்பு ஏறக்குறைய மாறாது. ஏழு துளை போட்ட மணியில் பரப்பு எரிய எரியக் கூடும். குண்டு நகர நகர அதன் பின்னால் இடம் பெருகுகிறது. பெருகும் இடத்தை நிரப்ப மேலும் மேலும் வாயு வேண்டும். ஆகவே பெரிய பீரங்கிகளுக்குத் துளையிட்ட மணிகள். ரைஃபிள் மருந்தில் மணியின் வெளியடுக்கில் எரிதலைத் தணிக்கும் பூச்சு ஒன்றை ஊறவைத்து ஏறத்தாழ இதே பலனைப் பெறுகிறார்கள்.

சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அழுத்தம் கூடினால் மருந்து வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் மேலும் கூடும். 1884ல் புகையில்லா மருந்தை உருவாக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேய் இந்த உறவை அளந்து விதியாகத் தந்தார். குண்டு விலகி இடம் கொடுப்பதுதான் இந்தச் சுழற்சிக்குப் போடும் கடிவாளம். தொடக்கத்தில் ஏற்படும் சிறு வேறுபாடு அப்படியே நிற்காமல் பெருகுவதற்கும் இதுவே காரணம். குண்டு சற்று ஆழமாகச் செருகப்பட்டால், கூட்டின் கழுத்து சற்று இறுக்கமாகப் பிடித்தால், பித்தளைச் சுவர் தடித்து உள்ளிடம் குறைந்தால், முதல் கணத்து அழுத்தம் மாறும். அதைத் தொடர்ந்து எல்லாம் மாறும். ஒரு மருந்துக்குச் சொன்ன அளவை வேறொரு மருந்துக்குப் போடுவது குழலையே உடைக்கக்கூடிய காரியமாவதும் இதனால்தான். வேகம் சற்று ஏறுவதற்குள் அழுத்தம் அதைவிட விரைவாக ஏறிவிடும்.

தமிழ்நாட்டில் இந்த மருந்தின் வரலாறு நீலகிரியில் இருக்கிறது. குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே, மலைரயில் நிற்கும் அருவங்காட்டில், 1903ல் கார்டைட் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அதற்கு மின்சாரம் தரக் காட்டேரி அருவியின் நீர் பயன்படுத்தப்பட்டது. நூற்றாண்டைக் கடந்த அந்தத் தொழிற்சாலை, 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது.

கார்டைட் 1889ல் பிரிட்டனில் ஃப்ரெடெரிக் ஏபலும் ஜேம்ஸ் டியூவரும் உருவாக்கியது. நைட்ரோகிளிசரினையும் நைட்ரோ ஏற்றிய பருத்தியையும் வாசலினோடு சேர்த்துப் பிசைந்து, அச்சுத்துளை வழியே அழுத்தி, மெல்லிய கயிறுகளாக எடுத்தார்கள். பழைய .303 ரைஃபிள் தோட்டாவின் கூட்டை அறுத்துப் பார்த்தால் உள்ளே பொடி இராது. கூட்டின் நீளத்துக்கு வெட்டிய பழுப்புக் கம்பிகள் கட்டாக நிற்கும். கழுத்து ஒடுங்கிய கூட்டுக்குள் அந்தக் கட்டை நுழைக்க முடியாது. அதனால் கூடு நேராக இருக்கும்போதே கட்டைச் செருகிவிட்டு, பிறகே கழுத்தை ஒடுக்கினார்கள். இங்கே சீர்மை என்பது அச்சுத்துளையின் விட்டம், கம்பியின் நீளம், கம்பிகளின் எண்ணிக்கை ஆகியவற்றில் இருந்தது. துளை தேய்ந்து கம்பி சற்றே தடித்தால் போதும். கட்டின் எடை சரியாகவே இருக்கும், எரிவு தாமதப்படும்.

பிசைவதற்குச் சேர்த்த கரைப்பானை ஓட்டி உலர்த்துவதும் நாள்கணக்கில் நடக்கும் வேலை. கடைசியில் மிஞ்சும் கரைப்பானும் ஈரமும் ஒரு தொகுதியைப்போல் இன்னொன்றில் இருக்காது. இன்றைய எந்திரங்களிலும் இது முழுதும் தீரவில்லை. ஆகவே தொழிற்சாலைகள் ஒரு தொகுதியை அப்படியே அனுப்புவதில்லை. சற்று வேகமாக எரிந்த தொகுதியோடு சற்று மெதுவாக எரிந்ததைக் கலந்து, ஒரு பெரிய லாட்டாக்கி, அதற்கு ஒரே எண் கொடுக்கின்றன.

கலவை சரிதானா என்று அறிய முதல் சோதனை மூடுகலனில் நடக்கிறது. தடித்த எஃகுக் கலத்தில் தெரிந்த அளவு மருந்தை அடைத்துத் தீமூட்டி, அழுத்தம் எப்படி ஏறுகிறது என்பதை மின்னுணரியால் பதிவு செய்கிறார்கள். முன்பு செம்பு உருளை ஒன்றை அழுத்தத்துக்கு ஆட்படுத்தி, அது எவ்வளவு நசுங்கியது என்று அளந்தார்கள். அது உச்ச அழுத்தத்தை மட்டுமே சொல்லும். மின்னுணரியின் கோடு எரிதலின் முழுக் கதையையும் சொல்கிறது. அந்தக் கோட்டை, முன்பே நன்கறிந்து பத்திரப்படுத்திய ஒப்புமை மருந்தின் கோட்டோடு வைத்துப் பார்ப்பார்கள். இரண்டாவது சோதனை உண்மையான குழலில்: வேகம், அழுத்தம் இரண்டையும் ஒருசேர அளப்பது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு லாட்டுக்கும் மறு லாட்டுக்கும் வேறுபாடு இருக்கத்தான் செய்யும். தோட்டா ஆலைக்கு அது தொல்லையில்லை. புது லாட்டு வந்ததும் சுட்டுப் பார்த்து, வேண்டிய வேகம் வரும்படி மருந்தின் எடையைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ வைத்துக்கொள்ளும். ராணுவத் தோட்டாவில் நிலையாக வைக்கப்படுவது வேகமும் அழுத்த வரம்பும், எடை மாறலாம். கையால் நிரப்புபவரிடம் அழுத்தமானி இல்லை. அச்சிட்ட அட்டவணையைத்தான் அவர் நம்பியாக வேண்டும். அதனால் சில்லறை டப்பாவில் விற்கும் மருந்தை அட்டவணையை விட்டு விலகாதபடி இன்னும் நெருக்கமாகக் கலக்கிறார்கள். அப்படியும் டப்பா மாறும்போது கீழிருந்து மீண்டும் தொடங்குவதே முறை.

இப்போது தராசுக்குத் திரும்பலாம். நடுத்தர ரைஃபிள் தோட்டாவில் மருந்து இரண்டரை கிராம் போல் இருக்கும். நறுக்கிய குச்சி வடிவ மணி ஒன்று ஒரு மில்லிகிராமுக்குச் சற்று அதிகம். ஆக ஒரு தோட்டாவில் ஏறத்தாழ இரண்டாயிரம் மணிகள். கை நிரப்பிகளின் சாதாரணத் தராசு ஆறரை மில்லிகிராம் வரை காட்டும், அதாவது ஐந்து மணிகள். மொத்தத்தில் அது கால் சதவீதம். வேகத்தில் ஏற்படும் மாற்றம் அதைவிடவும் குறைவு. அளவுக்கோப்பையால் அள்ளும் கருவிகளில் குச்சி மணிகள் விளிம்பில் சிக்கி நறுக்கென்று வெட்டுப்படும். உருண்டை மணிகள் தண்ணீராக ஓடும். எடைபோடுவது இந்த வேறுபாட்டைப் போக்கிவிடுகிறது, சரி. ஆனால் டப்பாவை மழைக்காலத்தில் திறந்துபோட்டு மருந்தின் ஈரம் அரை சதவீதம் கூடினால், இரண்டரை கிராமில் அது பன்னிரண்டரை மில்லிகிராம். தராசின் பிழையைப்போல் இரு மடங்கு, தராசின் கண்ணுக்கே படாமல் உள்ளே வந்துவிட்டது. அந்த நீர் எரியாமல் இருப்பதோடு நிற்பதில்லை. ஆவியாகும்போது வெப்பத்தை விழுங்கி எரிதலையும் தணிக்கிறது. மாறாக, வறண்ட அறையில் காய்ந்துபோன மருந்து வேகமாக எரிந்து அழுத்தத்தை ஏற்றும். ராபின்ஸ் கருமருந்தில் கண்டது புகையில்லா மருந்தில் சிறிய அளவில் தொடர்கிறது.

வெப்பநிலை அடுத்தது. சூடேறிய மருந்து சீக்கிரம் பற்றி வேகமாக எரியும். சில மருந்துகளில் ஒரு டிகிரி செல்சியஸுக்கு விநாடிக்கு அரை மீட்டர் வரை வேகம் கூடும். அருவங்காட்டின் 15 டிகிரிக் காலையில் அளந்த தோட்டாவை நெய்வேலியின் 40 டிகிரி மே மாத வெயிலில் சுட்டால் 12 மீட்டர் வரை வேறுபாடு வரலாம். முன்னே சொன்ன ஒரு சதவீதத்தைவிட அது அதிகம். எனவே நேட்டோ நாடுகளின் சோதனை முறையில் தோட்டாக்களை 21 டிகிரியில் வைத்திருந்து சுடுகிறார்கள். பிறகு உறைய வைத்தும் 52 டிகிரி வரை சூடாக்கியும் தனியே சோதிக்கிறார்கள். நன்றாகச் சூடேறிய குழலுக்குள் தோட்டாவைப் போட்டுவிட்டு நிதானமாகக் குறிபார்ப்பவர், தான் அறியாமலே மருந்தை வறுத்துக்கொண்டிருக்கிறார்.

மருந்து கூட்டை முழுதும் நிரப்பாத தோட்டாக்களில் இன்னொரு விநோதம் உண்டு. சுடுமுன் துப்பாக்கியை மேலே தூக்கினால் மருந்து கேப்பை ஒட்டிப் படியும். கீழே சாய்த்தால் குண்டை ஒட்டிப் போகும். பற்றும் விதம் மாறுவதால் வேகமும் மாறும். கூட்டை ஏறக்குறைய நிரப்பும் மருந்தைத் தேர்ந்தெடுப்பது இந்தத் தொல்லைக்கு எளிய மருந்து.

இத்தனை காரணங்களில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஒரு மாற்றம் செய்து, ஐந்து தோட்டா சுட்டு, துளைகள் நெருங்கிவிட்டன என்று முடிவுகட்டுவது வழக்கமாக இருக்கிறது. வேகங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்பதைத் திட்டவிலக்கத்தால் குறிப்பார்கள். ஐந்து தோட்டாவில் அது விநாடிக்கு 4 மீட்டர் என்று வந்தால், அந்த மருந்தின் உண்மையான திட்டவிலக்கம் 2.4 மீட்டர் முதல் 11.5 மீட்டர் வரை எங்கேயும் இருக்கலாம் என்பதே 95 சதவீத உறுதியோடு சொல்லக்கூடியது. மிகச் சிறந்த மருந்துக்கும் சுமாரான மருந்துக்கும் இடையே உள்ள வெளி முழுவதும் அதில் அடங்கிவிடும். முப்பது தோட்டா சுட்டால் அந்த வரம்பு 3.2க்கும் 5.4க்கும் இடையே சுருங்கும். ஐந்து குண்டுகள் நெருங்கி விழுந்தது மருந்தின் குணமாகவும் இருக்கலாம், வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். எது என்று ஐந்தைக் கொண்டு சொல்ல முடியாது.

சீர்மையைக் கெடுக்கும் கடைசிக் காரணம் காலம். புகையில்லா மருந்தின் அடிப்படையான நைட்ரோ ஏற்றிய பருத்தி தானாகவே மெல்லச் சிதைகிறது. சிதைவில் பிறக்கும் அமில வாயு சிதைவை மேலும் தூண்டுகிறது. 1907ல் ஈயெனா, 1911ல் லிபர்த்தே என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் துறைமுகத்தில் நின்றபடியே வெடித்துச் சிதறின; கிடங்கில் பழசாகிச் சிதைந்த மருந்தே காரணமென்று கண்டார்கள். அந்த அமிலத்தைப் பிடித்துவைக்கும் நிலைப்படுத்தி ஒன்றை இன்று எல்லா உந்துமருந்திலும் சேர்க்கிறார்கள். கார்டைட்டில் வழுவழுப்புக்காகச் சேர்த்த வாசலின், எதிர்பாராமல் அந்த வேலையையும் செய்தது. நிலைப்படுத்தி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அவ்வப்போது அளப்பது கிடங்குக் காவலின் கட்டாயப் பகுதி. வெப்பம் சிதைவை விரைவாக்கும் என்பதால், வெயில் நாட்டில் இந்த அளவீடு இன்னும் அவசியம்.

இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆகவே கையால் நிரப்புவது இங்கே மேலைநாடுகளைப்போல் பரவலான பழக்கமாக இல்லை. போட்டியாளர்கள் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாத காற்றுத் துப்பாக்கியை எடுக்கிறார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகப் பெயர் பெற்றது அந்த 10 மீட்டர் பிரிவில்தான். அங்கே அடைத்த காற்றின் அழுத்தத்தை ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் விடும் சீராக்கி, மருந்தின் இத்தனை சிக்கல்களையும் ஒரே அடியில் தவிர்த்துவிடுகிறது. 50 மீட்டர் ரைஃபிள் பிரிவில் தவிர்க்க முடியாது. அதற்கான .22 தோட்டாவில் தீமூட்டும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் அதை மறுபடி நிரப்பவும் வழியில்லை. அதனால் முன்னணி வீரர்கள் தங்கள் குழலையே தோட்டா ஆலையின் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே அதை இரும்புப் பிடியில் இறுக்கி, லாட்டு லாட்டாகச் சுட்டுப் பார்த்து, துளைகள் மிக நெருங்கி விழுந்த லாட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு, பருவம் முழுவதற்கும் வேண்டியதை அந்த ஒரே எண்ணில் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள்.